பஃபர் நிரம்பும்போது யார் காத்திருப்பது? செட்டிநாட்டு வீட்டு விடுதிக்கு ஈத்தர்நெட் சுவிட்ச் தேர்ந்தெடுத்தல்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் போன்ற ஊர்களில் பெரிய வீடுகளைச் செப்பனிட்டு விடுதியாக நடத்த முன்வரும் குடும்பத்தார், வயரிங் வேலை முடியும் தறுவாயில் மூன்று கொட்டேஷன்களைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றுள் எந்த சுவிட்சை (கேபிள்களை ஓரிடத்தில் சேர்த்து, வரும் தரவை உரிய கருவிக்கு அனுப்பும் பெட்டியை) வாங்குவது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. முதல் கொட்டேஷனில் கேபிளைச் செருகினால் போதும், வேறெதையும் அமைக்கத் தேவையில்லை என்ற வகையிலான 24 போர்ட் பி.ஓ.இ. (கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரமும் தரும்) சுவிட்ச் இருக்கும். இரண்டாவதில் அதே எண்ணிக்கையிலான போர்ட்டுகளுடன், ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைத்துக்கொள்ளக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் கூடுதல் விலையில் இருக்கும். மூன்றாவதில், ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இருந்து கழற்றி விற்பனைக்கு வந்த, கிகாபைட் கணக்கில் பஃபர் (தரவைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் நினைவகம்) கொண்ட பழைய சுவிட்ச் ஒன்றை, பஃபர் பெரிதாக இருந்தால் பாக்கெட் (துண்டு துண்டாகச் செல்லும் தரவில் ஒரு துண்டு) தொலையாது என்ற உறுதிமொழியோடு எழுதியிருப்பார்கள். காரைக்குடியில் இருந்துகொண்டு இத்தகைய வேலைகளைச் செய்து வருபவன் என்ற முறையில், இம்மூன்றையும் சிப்புக்குள் நடப்பதை வைத்தே ஒப்பிட வேண்டும் என்று கருதுகிறேன். விலையையும் போர்ட் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து வாங்கிய சுவிட்சுகள்தாம் பின்னாளில் விருந்தினர்களின் முகச்சுளிப்புக்குக் காரணமாகின்றன.

ஒப்பீட்டுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடு. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய தடித்த சுவர்கள் இருப்பதால் வளவில் (முற்றமுள்ள முதல் கட்டில்) வைத்த வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டுவதில்லை. ஆகவே கட்டுக்குக் கட்டு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) என மொத்தம் எட்டு வைத்து, எட்டுக்கும் தனித்தனியே கேட் 6 கேபிள் இழுத்தாக வேண்டும். 24 கேமராக்கள், அவற்றின் பதிவுகளைச் சேமிக்கும் ஒரு ரெக்கார்டர், அறைகளில் 10 ஐ.பி. தொலைபேசிகள், அலுவலக அறையில் இரண்டு கணினிகள், விநாடிக்கு 200 மெகாபிட் ஃபைபர் இணைப்பு. எல்லாக் கேபிளும் வந்து சேர்வது முன்பு பெட்டகம் இருந்த ஓர் உள்ளறை. செம்புக் கேபிளுக்கு உரிய 100 மீட்டர் வரம்புக்குள் இத்தனையும் அடங்கிவிடும்.

கொட்டேஷனோடு வரும் பிரசுரத்தில் முதலில் கண்ணில் படுவது ஸ்விட்சிங் கெபாசிட்டி என்னும் எண். 24 கிகாபிட் போர்ட்டுகள் உள்ள சுவிட்சுக்கு 48 கிகாபிட் என்று போட்டிருப்பார்கள். இருதிசைப் போக்குவரத்தையும் கூட்டிச் சொல்வதால் 24 என்பது 48 ஆகிறது. அதற்குப் பக்கத்தில் விநாடிக்கு 35.7 மில்லியன் பாக்கெட் என்று இருக்கும். மிகச் சிறிய ஃபிரேமான (ஃபிரேம் என்பது ஈத்தர்நெட் கேபிளில் செல்லும் வடிவில் உள்ள பாக்கெட்) 64 பைட் அளவில் ஒரு கிகாபிட் போர்ட் விநாடிக்கு 14,88,095 ஃபிரேம்களைக் கடத்தும் என்பதை 24-ஆல் பெருக்கினால் கிடைப்பது இது. இன்று விற்கும் சாதாரண சுவிட்ச் சிப்புகூட இந்த வேகத்தைத் தடையின்றித் தந்துவிடுகிறது. எனவே இந்த எண்ணை வைத்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. சிப்பின் உள்ளே இடம் இருந்தும், பல போர்ட்டுகள் வழியாக வரும் பாக்கெட்டுகள் அனைத்தும் ஒரே போர்ட்டை நோக்கிப் போகும்போதுதான் நெரிசல் உண்டாகிறது. வளவைச் சுற்றியுள்ள நாற்புறக் கூரையிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் இறங்கி ஒரே தூம்பு வழியாக வெளியேற வேண்டியிருப்பதைப் போன்ற நிலைமை அது. கூரையின் பரப்பை அளந்து தூம்பைப் பற்றி முடிவு செய்ய முடியாது.

சுவிட்ச் சிப்புக்குள் வரும் ஃபிரேம் முதலில் நினைவகத்தில் எழுதப்படுகிறது. அந்த நினைவகம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பிராட்காம் நிறுவனத்தின் டிரைடென்ட் 2 சிப்பில் ஒரு கட்டம் 208 பைட். 209 பைட் உள்ள ஃபிரேம் வந்தால் இரண்டு கட்டங்கள் செலவாகிவிடும். எழுதப்பட்ட ஃபிரேம் பிறகு இடம்பெயர்வதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் வெளியேறும் போர்ட்டுக்குரிய வரிசையில் சேர்க்கப்பட்டு, முறை வரும்போது நினைவகத்திலிருந்து படித்து வெளியே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரு முறை எழுதி ஒரு முறை படிக்க வேண்டியிருப்பதால், போர்ட்டுகளின் மொத்த வேகத்தைப் போல் இரு மடங்கு வேகம் நினைவகத்துக்கு வேண்டும். இதனாலேயே இந்தப் பஃபர் சிப்பின் மேலேயே அமைந்த எஸ்ரேம் என்னும் அதிவேக நினைவக வகையாக, விலை மிகுந்ததாக, அளவில் சிறியதாக இருக்கிறது. 24 போர்ட் சுவிட்சுகளில் 4 மெகாபிட், 12 மெகாபிட் போன்ற அளவுகளைப் பார்க்கலாம். பிரசுரத்தில் இருப்பது மெகாபிட்டா மெகாபைட்டா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 4 மெகாபிட் என்பது 512 கிலோபைட்தான், 12 மெகாபிட் என்பது ஒன்றரை மெகாபைட். ஆங்கிலச் சுருக்கத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்தின் பெரிது சிறிதுதான் வேறுபாடு என்பதால், கொட்டேஷன் தட்டச்சு செய்பவர்கள் இதில் அடிக்கடி பிசகுகிறார்கள்.

இந்த 512 கிலோபைட்டை நேரமாக மாற்றிப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். ஒரு கிகாபிட் போர்ட் அதனைக் காலி செய்ய சுமார் 4 மில்லிவிநாடி ஆகும். அதற்கு மேல் நீளும் நெரிசலை இந்தப் பஃபர் தாங்காது. அதிலும், அந்த முழு அளவும் ஒரு போர்ட்டுக்குக் கிடைத்துவிடுவதில்லை. எல்லாப் போர்ட்டுகளுக்கும் பொதுவான நினைவகம் என்பதால், நெரிசலில் சிக்கிய ஒரே வரிசை அத்தனையையும் விழுங்கிவிட்டு, மற்றவற்றைப் பட்டினி போடாமல் காக்க வேண்டும். இதற்காக 1998-இல் சௌத்ரியும் ஹானேயும் வெளியிட்ட நகரும் வரம்பு என்னும் முறையோ, அதன் ஏதோ ஒரு வடிவமோதான் பொதுப் பஃபர் உள்ள பெரும்பாலான சிப்புகளில் இருக்கிறது. அந்த முறையில் ஒரு வரிசைக்குரிய உச்ச வரம்பு நிலையான எண்ணாக இராது. அந்தக் கணத்தில் காலியாக உள்ள இடத்தை ஆல்ஃபா என்னும் எண்ணால் பெருக்கி வருவதே வரம்பு. ஆல்ஃபா 1 என்று வைத்தால், நெரிசலில் இருப்பது ஒரே வரிசையாயினும் அது பாதி இடத்துக்கு மேல் பிடிக்க இயலாது. இரண்டு வரிசைகள் நெரிந்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் ஒரு பங்கு புதிதாக வரக்கூடிய மூன்றாவதற்கென்று காலியாகவே நிற்கும். ஆல்ஃபா 8 ஆனால் ஒற்றை வரிசை ஒன்பதில் எட்டுப் பங்கு வரை பிடித்துக்கொள்ளும். இந்த எளிய கணக்கை நான் மிகவும் மதிக்கிறேன். யார் எப்போது வருவார் என்பதை முன்கூட்டியே அறியாமல், எப்போதும் சிறிது இடத்தை ஒதுக்கி வைத்தே நடக்கும் ஏற்பாடு இது.

இப்போது நமது 24 கேமராக்களுக்கு வருவோம். ஒவ்வொரு கேமராவும் சராசரியாக விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று கொண்டால் மொத்தம் 96 மெகாபிட். ரெக்கார்டரின் கிகாபிட் போர்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட நிறையவில்லை. ஐந்து நிமிடச் சராசரி காட்டும் வரைபடத்தில் எல்லாம் அமைதியாகவே தெரியும். ஆயினும் ரெக்கார்டரில் படம் சிதறுகிறது என்ற புகார் வருவதைப் பார்த்திருக்கிறேன். காரணம், வீடியோ சீராக வருவதில்லை. குறித்த இடைவெளியில் முழுப் படம் ஒன்றையும் (ஐ ஃபிரேம் என்பது அது), அடுத்தடுத்து மாற்றங்களை மட்டுமே கொண்ட சிறு படங்களையும் கேமரா அனுப்புகிறது. முழுப் படம் 200 கிலோபைட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கேமராவின் 100 மெகாபிட் போர்ட் வழியாக அது வெளியேற 16 மில்லிவிநாடி ஆகும். அந்த 16 மில்லிவிநாடியில் அந்தக் கேமராவின் வேகம் 4 அன்று, முழு 100 மெகாபிட். பத்துக் கேமராக்களின் முழுப் படங்கள் ஒரே நேரத்தில் வந்தாலும் கிகாபிட் போர்ட் தாங்கும். பன்னிரண்டு வந்தால் 200 மெகாபிட் மிகையாகி, 16 மில்லிவிநாடியில் 400 கிலோபைட் தேங்கும். 512 கிலோபைட் பஃபருக்குள் இது அடங்கும்போல் தோன்றினாலும், ஆல்ஃபா 1 உள்ள சிப்பில் அந்த வரிசைக்குக் கிடைப்பது 256 கிலோபைட்தான் என்பதால் பாக்கெட் விழத்தான் செய்யும். பதினாறு கேமராக்கள் சேர்ந்தால் தேங்குவது 1.2 மெகாபைட், இருபத்துநான்கும் சேர்ந்தால் 2.8 மெகாபைட். மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது பி.ஓ.இ. வழியாக எல்லாக் கேமராக்களும் ஒன்றாக உயிர்பெறுவதால், முழுப் படங்கள் நெருங்கி வரும் வாய்ப்பு அதிகமாகிறது. ரெக்கார்டர் யூ.டி.பி. முறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தால், விழுந்த பாக்கெட் திரும்ப வராது. அடுத்த முழுப் படம் வரும் வரை திரையின் பாதி சாம்பல் பூசியதுபோல் நிற்கும்.

முதல் கொட்டேஷனில் உள்ள எளிய சுவிட்ச் இந்த நெரிசலைச் சமாளிக்கும் வழி, 1997-இல் 802.3எக்ஸ் என்று தரப்படுத்தப்பட்ட ஃப்ளோ கன்ட்ரோல். பஃபர் ஓர் அளவுக்கு மேல் நிறைந்ததும் சிப் தனக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் கருவிக்கு 64 பைட் அளவில் பாஸ் (pause) ஃபிரேம் என்னும் சிறு நிறுத்தச் செய்தியை அனுப்புகிறது. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். 512 பிட் கடக்கும் நேரம் ஓர் அலகு, அதிகபட்சம் 65,535 அலகுகள். கிகாபிட் வேகத்தில் அது ஏறத்தாழ 33.5 மில்லிவிநாடி. நிறுத்தச் செய்தி போய்ச் சேரும் வரை வந்துகொண்டிருக்கும் ஃபிரேம்களை ஏற்க ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியே சிறிது இடம் ஒதுக்க வேண்டும். 1,518 பைட் ஃபிரேம்களுக்கு 4 கிலோபைட் வீதம் 24 போர்ட்டுகளுக்கு 96 கிலோபைட் போதும். 9,000 பைட் ஜம்போ ஃபிரேம்களை அனுமதித்தால், போர்ட்டுக்கு 20 கிலோபைட் என்று கணக்கிட்டாலும் 480 கிலோபைட் ஆகி, இருக்கும் 512 கிலோபைட் பஃபர் ஏறத்தாழ முழுவதும் ஒதுக்கீட்டுக்கே போய்விடும்.

நியாயமாகச் சொன்னால், கேமராவும் ரெக்கார்டரும் மட்டும் உள்ள சுவிட்சுக்கு இந்த முறை பொருத்தமானது. நிறுத்தச் செய்தியை ஏற்கும் கேமராவிடம் படத்தைச் சில மில்லிவிநாடி பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சொந்த நினைவகம் உண்டு. எனவே ஒரு பாக்கெட்டும் விழாமல் எல்லாம் சற்றுத் தாமதித்து வந்து சேர்ந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நிறுத்தச் செய்தி ஒரு கேபிளில் உள்ள அத்தனை போக்குவரத்தையும் ஒட்டுமொத்தமாக நிறுத்துகிறது. எந்த பாக்கெட் நெரிசலுக்குக் காரணம், எது சம்பந்தமில்லாதது என்று அது பார்ப்பதில்லை. ரவுட்டரில் இருந்து வரும் ஒரே கேபிள் வழியாக எட்டு ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கும் பத்துத் தொலைபேசிகளுக்கும் போக்குவரத்து வருகிறது என்றால், அவற்றுள் ஒன்றின் வரிசை நிறைந்ததற்காக அந்தக் கேபிளையே நிறுத்தும்போது மற்றப் பதினேழும் சேர்ந்து நிற்கின்றன.

இதன் மோசமான வடிவத்தை ஒரு வீட்டில் கண்டேன். மாலை வேளைகளில் பின்கட்டு முழுவதும் இணைப்பு அறுந்துபோகும். "அண்ணே, சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா சரியாயிருது, ஆனா மறுநாளும் அதே கதைதாண்ணே" என்றார் வீட்டைக் கவனித்துக்கொள்பவர். செருகினால் போதும் என்ற வகை சுவிட்சில் உள்ளே நடப்பதைக் காட்டும் பக்கம் கிடையாது. ஆகவே அதற்குப் பதிலாகச் சிறிய மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, போர்ட் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். மாலையில் இணைப்பு நின்ற நேரத்தில் பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க, மற்ற எண்கள் எல்லாம் அசையாமல் நிற்க, அலுவலக அறைப் போர்ட்டின் 'பெறப்பட்ட பாஸ்' என்ற ஒரே எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கணக்கு எழுதி முடித்து மடிக்கணினியை மூடி வைத்தபின், அது இணைக்கப்பட்டிருந்த டாக் (மடிக்கணினிக்குக் கேபிள் இணைப்புகளைத் தரும் சிறு பெட்டி) தொடர்ந்து நிறுத்தச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு செய்தி 33.5 மில்லிவிநாடி நிறுத்தும் என்றால், விநாடிக்கு 30 செய்திகள் போதும், அந்தப் போர்ட் எந்நாளும் திறக்காது. விநாடிக்கு 15 கிலோபிட் அளவிலான அற்பப் போக்குவரத்து அது. எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் பிராட்காஸ்ட் ஃபிரேம்கள் அந்த மூடிய போர்ட்டின் வரிசையிலும் சேர்ந்து சேர்ந்து பஃபரை நிறைக்க, சுவிட்ச் தன் பங்குக்கு ரவுட்டரை நிறுத்த, பின்கட்டு முழுவதும் முடங்கியது. டாக்கைக் கழற்றிய உடனே எண்கள் ஓடத் தொடங்கின.

இதே இயல்பின் பெரிய வடிவத்தைப் பெரிய நிறுவனங்களும் சந்தித்திருக்கின்றன. போக்குவரத்தை எட்டு வகைகளாகப் பிரித்து, வகைவாரியாக நிறுத்தும் 802.1க்யூபிபி தரம் 2011-இல் வந்தது. டேட்டா சென்டர்களில் சேமிப்பகப் போக்குவரத்தைப் பாக்கெட் விழாமல் கொண்டுசெல்ல அது பயன்படுகிறது. பழுதுற்ற ஒரு நெட்வொர்க் கார்டு நிறுத்தச் செய்திகளை வாரி இறைத்ததால் பல சர்வர்கள் முடங்கியதை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016-இல் எழுதியிருக்கிறார்கள். நமது விடுதிக்கு அந்தத் தரம் தேவையே இல்லை. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 வகை சுவிட்சுகள் நிறுத்தச் செய்தியைப் பெறுமே தவிர, தாம் யாருக்கும் அனுப்புவதில்லை என்ற வடிவமைப்பு முடிவு இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. நெரிசலைப் பின்னோக்கிப் பரப்புவதைவிடத் தன்னிடம் சில பாக்கெட்டுகளை விழவிடுவது மேல் என்ற முடிவு அது.

இரண்டாவது கொட்டேஷனின் மேனேஜ்டு சுவிட்ச் இந்த முடிவை நம் கையில் தருகிறது. ஃப்ளோ கன்ட்ரோலைப் போர்ட் வாரியாக நிறுத்தி வைக்கலாம். வெளியேறும் ஒவ்வொரு போர்ட்டிலும் எட்டு வரை வரிசைகள் இருக்கும். ஃபிரேமில் உள்ள 802.1பி குறியையோ, ஐ.பி. தலைப்பில் உள்ள டி.எஸ்.சி.பி. எண்ணையோ (இரண்டும் பாக்கெட்டின் முன்னுரிமையைக் குறிப்பவை) பார்த்து எந்த வரிசையில் சேர்ப்பது என்று சிப் தீர்மானிக்கும். தொலைபேசிக் குரலுக்கு வழக்கமான டி.எஸ்.சி.பி. எண் 46. அந்த வரிசைக்கு நிபந்தனையற்ற முன்னுரிமை தந்துவிட்டால், குரல் பாக்கெட் அதிகபட்சமாகக் காத்திருக்க வேண்டியது ஏற்கெனவே வெளியேறத் தொடங்கிவிட்ட ஒரு முழு ஃபிரேம் முடியும் வரைதான். கிகாபிட் போர்ட்டில் அது 12 மைக்ரோவிநாடி. பத்துத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் பேசினாலும் மொத்தம் ஒரு மெகாபிட்டைத் தொடாது என்பதால் இந்த முன்னுரிமையால் வேறு யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. கேமராவுக்கு இதே முன்னுரிமையைத் தரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தரக்கூடாது. 24 கேமராக்களும் பொங்கும் கணத்தில் மற்ற அனைத்தையும் அது ஓரங்கட்டிவிடும். குரல் நீங்கலான வரிசைகளுக்கு, பங்கு விகிதப்படி முறைவைத்து எடுக்கும் ஏற்பாடே போதும். 1995-இல் ஸ்ரீதரும் வர்கீஸும் வெளியிட்ட டெஃபிசிட் ரவுண்டு ராபின் முறை, ஃபிரேம்களின் எண்ணிக்கைக்குப் பதிலாகப் பைட்டுகளை எண்ணிப் பங்கிடுவதால், பெரிய ஃபிரேம்களை அனுப்புபவர் கூடுதல் பங்கு பெறும் அநீதியை நீக்கியது.

வரிசை நிறைந்தபின் வருவதைக் கைவிடுவது கடுமையாகத் தோன்றலாம். டி.சி.பி. (விழுந்த பாக்கெட்டை மீண்டும் அனுப்பும் இணைய விதிமுறை) அந்த இழப்பைக் கண்டுதான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பதை நினைவில் வைத்தால் அச்சம் தணியும். முற்றிலும் நிறையும் வரை பொறுத்திராமல், வரிசை வளர வளரச் சிற்சில பாக்கெட்டுகளை முன்கூட்டியே கைவிட்டு எச்சரிக்கும் ரெட் என்ற முறையை ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993-இல் முன்வைத்தனர். கைவிடுவதற்குப் பதிலாகத் தலைப்பில் ஒரு குறியிட்டு அனுப்பும் இ.சி.என். 2001-இல் தரமானது. விடுதி அளவிலான சுவிட்சுகளில் இவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேர்வு மாறப்போவதில்லை.

மேனேஜ்டு சுவிட்ச் வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஒரு குறை, ஆல்ஃபாவை மாற்றும் வசதியைப் பல மாதிரிகள் மெனுவில் காட்டுவதே இல்லை என்பது. கேட்டலிஸ்ட் 3850 வகையில் சாஃப்ட்மேக்ஸ் மல்டிப்ளையர் என்ற பெயரில் 100 முதல் 1,200 வரை அதனை உயர்த்தலாம். ஒன்றரை மெகாபைட் பஃபர் உள்ள சுவிட்சில் ஆல்ஃபா 8 அளவுக்கு உயர்த்த முடிந்தால், ரெக்கார்டர் போர்ட்டுக்கு 1.3 மெகாபைட் கிடைத்து, பதினாறு கேமராக்களின் முழுப் படங்கள் ஒன்றாக வந்தாலும் விழாது. பதினேழாவது சேர்ந்தால் மீண்டும் விழும். ஆகவே பஃபரைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, ரெக்கார்டர் பக்கத்தை அகலப்படுத்துவது மேல். 10 கிகாபிட் போர்ட் உள்ள ரெக்கார்டர் என்றால் 24 கேமராக்களின் உச்ச வேகம் 2.4 கிகாபிட்தான் என்பதால் நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது கொட்டேஷனில் உள்ள பெரிய பஃபர் சுவிட்சைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சிப்புக்கு வெளியே டிரேம் என்னும் மலிவான, பெரிய நினைவகத்தை வைத்து கிகாபைட் கணக்கில் பஃபர் தரும் இத்தகைய வடிவமைப்புகளுக்கு உரிய இடங்கள் உண்டு. ஊருக்கு ஊர் செல்லும் நெடுந்தூர இணைப்புகளும், வேகம் மாறும் எல்லைகளும் அத்தகையவை. பிராட்காம் ஜெரிகோ 2 சிப் 8 கிகாபைட் எச்.பி.எம். நினைவகத்துடன் வருவது அவற்றுக்காகத்தான். டேட்டா சென்டருக்கு உள்ளேயே ஓடும் சிப்புகள் அப்படி இல்லை. 2014-இல் வந்த டோமஹாக் சிப், விநாடிக்கு 3.2 டெராபிட் வேகத்துக்கு 16 மெகாபைட் பஃபர்தான் வைத்திருந்தது. மொத்த வேகத்தோடு ஒப்பிட்டால் அது 40 மைக்ரோவிநாடிக்கு உரிய இடம். நமது 512 கிலோபைட் சுவிட்ச், 24 கிகாபிட்டுக்கு ஏறத்தாழ 175 மைக்ரோவிநாடி வைத்திருக்கிறது. விகிதப்படி பார்த்தால் நம்முடையதுதான் தாராளம்.

பெரிய பஃபர் இருந்தால் இணையம் வேகமாகும் என்ற நம்பிக்கைதான் இந்தக் கொட்டேஷனை விற்கிறது. அது உண்மைக்கு நேர்மாறானது. இணையத்துக்கான நெரிசல் கிகாபிட் சுவிட்சில் ஏற்படுவதில்லை, 200 மெகாபிட்டாகக் குறுகும் இடத்தில், அதாவது ரவுட்டரிலும் ஃபைபர் பெட்டியிலும் ஏற்படுகிறது. அங்கே 10 மெகாபைட் பஃபர் நிறைந்து நின்றால், வரிசையின் கடைசியில் சேரும் பாக்கெட் 0.4 விநாடி காத்திருக்கும். தை மாதத்தில் வளவில் நடக்கும் திருமணத்தை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவினர்களுக்கு நேரலையாக அனுப்பிக்கொண்டிருக்கும்போது, விருந்தினர் ஒருவர் ஒளிப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கினால், அந்த 0.4 விநாடித் தேக்கம் நேரலையைத் தடுமாற வைக்கும். ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் பஃபர்ப்ளோட் என்று பெயர் சூட்டி ஊரறியச் செய்த நோய் இதுதான். பாக்கெட் போய்ப் பதில் திரும்பி வரும் நேரத்தை வேகத்தால் பெருக்கிய அளவுக்குப் பஃபர் வேண்டும் என்ற பழைய விதிப்படி, 50 மில்லிவிநாடிக்கும் 200 மெகாபிட்டுக்கும் 1.25 மெகாபைட் ஆகும். பல இணைப்புகள் ஒன்றாக ஓடும்போது அதனை இணைப்பு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தாலே போதும் என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் மூவரும் 2004-இல் காட்டினார்கள். நூறு இணைப்புகளுக்கு அது 125 கிலோபைட்தான். இது தவிர, அந்தப் பழைய பெட்டியில் பி.ஓ.இ. இல்லாமல் இருப்பதும், அதன் மின்விசிறிகள் இரவெல்லாம் இரைவதும், யு.பி.எஸ். மீது அது ஏற்றும் சுமையும் தனிக் கணக்கு. பெட்டக அறைக்கு அடுத்த அறையில் விருந்தினர் தூங்குவார்கள்.

மேற்சொன்ன வீட்டுக்கு என் பரிந்துரை, முதல் இரண்டு கொட்டேஷன்களையும் ஆளுக்கொரு வேலைக்காக ஏற்பது. கேமராக்களையும் ரெக்கார்டரையும் மட்டும் எளிய பி.ஓ.இ. சுவிட்சில் தனித் தீவாக வைத்து, அங்கே ஃப்ளோ கன்ட்ரோலை இயங்கவிட வேண்டும். நிறுத்தப்படுவது கேமராவாக மட்டுமே இருக்கும் வரை அதனால் யாருக்கும் இடரில்லை. 24 கேமராக்களும் 24 போர்ட்டை நிறைத்துவிடும் என்பதால் ரெக்கார்டருக்குத் தனி கிகாபிட் போர்ட் ஒன்றேனும் கூடுதலாக உள்ள மாதிரியை எடுக்க வேண்டும். பி.ஓ.இ. மொத்த வாட் அளவையும், இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும் நேரத்துக் கேமராச் செலவை வைத்துச் சரிபார்க்க வேண்டும். கைபேசியில் கேமராவைப் பார்க்க விரும்பினால் ரெக்கார்டரின் இரண்டாவது நெட்வொர்க் போர்ட்டில் இருந்து விருந்தினர் பக்க சுவிட்சுக்கு ஒரு கேபிள் போதும். இரண்டு சுவிட்சுகளையும் நேரடியாக இணைக்கக் கூடாது.

ஆக்சஸ் பாயின்ட், தொலைபேசி, அலுவலகக் கணினி ஆகியவை மேனேஜ்டு சுவிட்சுக்கு. அதில் எல்லாப் போர்ட்டுகளிலும் ஃப்ளோ கன்ட்ரோல் நிறுத்தம், ஜம்போ ஃபிரேம் நிறுத்தம், டி.எஸ்.சி.பி. 46-க்கு முன்னுரிமை, பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு. விருந்தினர் ஒவ்வொருவருக்கும் வேக வரம்பு வைக்கும் வேலையை இந்த சுவிட்சிடம் கொடுக்க வேண்டாம். போர்ட்டின் நுழைவாயிலில் வைக்கும் வரம்பு, மிகையாக வருவதை வரிசையில் நிறுத்தாமல் உடனே கைவிடுவதால், டி.சி.பி. ஏறி ஏறி விழுந்து, வரம்பைவிடக் குறைவான வேகமே கிடைக்கும். அந்த வேலை ரவுட்டருக்கு உரியது. எஃப்.க்யூ. கோடெல் (இணைப்புகளைத் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து, எந்த வரிசையும் நீளாமல் காக்கும் முறை) வசதி உள்ள ரவுட்டரை எடுத்து, இணைப்பு வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, 200-க்கு 185 அல்லது 190 மெகாபிட் என்று அதில் வரம்பு வைத்தால், வரிசை ஃபைபர் பெட்டியில் தேங்காமல் நம் கட்டுப்பாட்டில் உள்ள இடத்திலேயே உருவாகி, சிறு பாக்கெட்டுகள் பெரியவற்றின் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் கடந்துவிடும். ஏற்றும் திசைக்கும் இதே போலத் தனி வரம்பு வேண்டும், திருமண நேரலை அந்தத் திசையில்தான் போகிறது.

மாட்டி முடித்த பிறகு, முதல் வார இறுதிக் கூட்டம் வந்து போனதும், மேனேஜ்டு சுவிட்சின் புள்ளிவிவரப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். வெளியேறும் பக்கத்தில் கைவிடப்பட்டவை என்ற எண் எந்தப் போர்ட்டில் ஏறியிருக்கிறதோ, அந்தப் போர்ட்டின் வேகம் 100 மெகாபிட்டாக இறங்கி நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எட்டு இழைகளுள் ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகாத கனெக்டரால் கிகாபிட் போர்ட் இப்படி இறங்குவது சாதாரணமாக நடக்கிறது, அதற்கு மருந்து புதிய கனெக்டர்தான். பெறப்பட்ட பாஸ் என்ற எண் ஏதேனும் ஒரு போர்ட்டில் இடைவிடாமல் ஏறினால், அந்தக் கேபிளின் மறுமுனையில் உள்ள கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.